மூன்று கார்புரேட்டர், ஒரே இன்ஜின்: போன்டியாக் ட்ரை-பவர் பொருத்தும் முறை

டெட்ராய்ட்டிலிருந்து போன்டியாக் நகரம் வரை போகும் வுட்வர்ட் அவென்யூவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் பழைய கார்கள் அணிவகுத்து வரும். மிச்சிகனுக்குக் குடிவந்த முதல் கோடையில் அதைப் பார்க்கப் போயிருந்தேன். ஓரமாக நின்றிருந்த 1965 போன்டியாக் ஜிடிஓ கார் ஒன்றின் பானெட் திறந்திருந்தது. உள்ளே ஒரே வரிசையில் மூன்று கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு குரோம் ஏர் கிளீனர். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஜிடிஓவுக்கும், அப்புறம் நண்பர் ஒருவரின் காருக்கும் இந்த அமைப்பைப் பொருத்தக் கூடவே நின்று உதவியிருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய பழக்கம் ஓரளவு உண்டு, ஆனால் ஒரே இன்ஜினில் ஒன்றுக்கு மேல் பொருத்தியதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது. ட்ரை-பவர் என்ற இந்த மூன்று கார்புரேட்டர் அமைப்பில் நடுவில் இருக்கும் கார்புரேட்டர்தான் அன்றாடம் காரை ஓட்டுகிறது. முன்னும் பின்னும் இருக்கும் இரண்டும் பெரும்பாலான நேரம் இறுக மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தினால் மட்டும் திறக்க வேண்டும். அவற்றைச் சும்மா இருக்க வைப்பதுதான் வேலையில் பாதி. புதிதாகச் செய்கிறவர்கள் மூன்றையும் ஒரே சமயத்தில் ட்யூன் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்களும் முதல் தடவை அதைத்தான் செய்தோம்.

ராஜ்தூத் 350 வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் திறக்க வைப்பது எவ்வளவு பாடு என்று தெரியும். அங்கே சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர், ஆகவே இரண்டும் எப்போதும் சமமாக வேலை செய்தாக வேண்டும். இங்கே கதை வேறு. எட்டு சிலிண்டருக்கும் போகும் பாதைகள் மேனிஃபோல்டுக்குள் (கார்புரேட்டர்கள் உட்காரும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் வார்ப்பு) இணைந்திருப்பதால், நடுவில் இருக்கும் ஒன்றே எட்டுக்கும் தீனி போட முடியும்.

எதற்காக இதைச் செய்கிறோம்

போன்டியாக் 1957 மாடலிலேயே, 347 கன அங்குல இன்ஜினில், ட்ரை-பவர் என்ற பெயரில் இதைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. 1964இல் ஜிடிஓ வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த நடுத்தர அளவு கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த போன்டியாக் பிரிவு, ஜிடிஓவைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லீமான்ஸ் காருக்குக் கூடுதல் தொகை கொடுத்து வாங்கும் ஒரு தொகுப்பாக விற்று, 389 கன அங்குல இன்ஜினை அதில் உட்கார வைத்துவிட்டது. அந்த முதல் ஆண்டில் மட்டும் 32,450 கார்கள் விற்றன.

1964இல் நான்கு பேரல் (காற்று இறங்கும் துளை) கொண்ட கார்ட்டர் கார்புரேட்டர் ஒன்று வைத்த இன்ஜினுக்கு 325 குதிரைத்திறன், ட்ரை-பவருக்கு 348. 1965இல் இவை 335, 360 ஆயின. 1966தான் ட்ரை-பவரின் கடைசி ஆண்டு. 1967 மாடல்களில் கார்வெட் தவிர வேறெதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் நிறுத்திவிட்டது. அந்த ஆண்டு ஜிடிஓவுக்கு 400 கன அங்குல இன்ஜினும் ஒற்றை ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் வந்தன. அதன் எச்.ஓ. எனப்படும் கூடுதல் திறன் இன்ஜினுக்கும் அதே 360 குதிரைத்திறன்தான்.

இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல நான்கு பேரல் ஒன்றே போதும், செலவும் குறைவு. ட்ரை-பவரில் கிடைப்பது வேறு. நிதானமாகப் போகும்போது சின்ன இரண்டு பேரல் கார்புரேட்டரின் சாதுவான நடை, காலை அழுத்தினால் மற்ற இரண்டும் சேர்ந்து திறக்கும்போது வரும் அந்த ஆழமான சத்தம், இவை இரண்டும் ஒரே காரில். அதோடு, அந்தக் காலத்து ஜிடிஓவுக்கு உரிய முகம் அதுதான். எனக்கு இந்தக் காரணங்கள் தாராளமாகப் போதும்.

எதை வாங்குவது

உங்கள் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் எந்த ஆண்டுடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். 1964 வரையிலான மேனிஃபோல்டு 1965இலும் அதன் பின்னும் வந்த ஹெட்டில் உட்காராது. 1965, 1966 ட்ரை-பவர் மேனிஃபோல்டுகள் அதற்குப் பின் வந்த பெரும்பாலான போன்டியாக் வி8 ஹெட்டுகளில் பொருந்தும். வட்ட வடிவ எக்ஸாஸ்ட் வாய் கொண்ட ராம் ஏர் 4 போன்ற அரிய ஹெட் இருந்தால் இந்த வேலையையே யோசிக்காதீர்கள், அதன் இன்டேக் தனி.

1966க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் நடு கார்புரேட்டர் சிறியது, ஓரத்து இரண்டும் பெரியவை. 1966இல் நடுவில் இருப்பதும் பெரிதாகிவிட்டது. அதனால் 1965 மேனிஃபோல்டையும் 1966 நடு கார்புரேட்டரையும் தனித்தனியாகச் சந்தையில் பொறுக்கினால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. முடிந்தவரை மேனிஃபோல்டு, மூன்று ராச்செஸ்டர் கார்புரேட்டர், அவற்றைச் சேர்த்துத் திறக்கும் லிங்கேஜ் எல்லாம் ஒரே ஆண்டுத் தொகுப்பாக வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத் தெரியும், ஆனால் தனித்தனியாகத் தேடி அலையும் செலவைக் கூட்டினால் பெரும்பாலும் இதுதான் மலிவு.

"மூன்று கார்புரேட்டர் இன்ஜினுக்கு அதிகமாகிவிடாதா?" என்று பலரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன அங்குலத்தை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று வரும். 389ஐ 5000ஆல் பெருக்கி வகுத்தால் 563. தெருவில் ஓடும் இன்ஜின் அதில் 85 சதவீதம் உறிஞ்சினாலே அதிகம், அப்படிப் பார்த்தால் சுமார் 480. கார்புரேட்டர் அட்டையில் போட்டிருக்கும் எண்களைக் கூட்டினால் இதைவிட எங்கோ போய் நிற்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டு பேரல் கார்புரேட்டரை 3 அங்குல (பாதரச அளவில்) வெற்றிடத்தில் அளக்கிறார்கள், நான்கு பேரலை 1.5 அங்குலத்தில். ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பேரலின் எண்ணை 1.41ஆல் வகுக்க வேண்டும். 500 என்று எழுதியிருக்கும் இரண்டு பேரல், நான்கு பேரல் கணக்கில் 355தான். தவிர, ஓரத்து இரண்டும் எப்போதும் திறந்திருக்கப் போவதில்லை. ஆகவே பயப்பட வேண்டாம்.

கார்புரேட்டரைத் தயார் செய்வது

இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் கோணலாகும். மூன்றையும் தனித்தனித் தட்டில் வைத்துப் பிரியுங்கள். ஒன்றின் ஸ்க்ரூ மற்றொன்றில் போய்விடக் கூடாது. கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) பித்தளையாக இருந்தால் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சந்தேகமாக இருந்தால் கொதித்து இறக்கிய வெந்நீரில் அமிழ்த்திப் பிடியுங்கள். நுண்ணிய ஓட்டை இருந்தால் அங்கிருந்து வரிசையாகக் குமிழ் வரும். அப்படி வந்தால் புது ஃப்ளோட் போட்டுவிடுங்கள்.

இப்போது அமெரிக்காவில் பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது சீக்கிரம் கெடுத்துவிடும். ரிப்பேர் கிட் வாங்கும்போது, ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோல் வழியை மூடும் நீடிலின் முனையும் பம்ப் கப்பும் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து த்ராட்டில் ஷாஃப்ட், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் தண்டு. கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அறுபது ஆண்டு தேய்ந்த துளையில் ஷாஃப்ட் ஆடும், அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழையும். நன்றாக ஆடினால் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட வேண்டும். அது லேத் வேலை, தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. கார்புரேட்டரின் அடித்தளத்தை ஒரு நேரான இரும்பு ஸ்கேலில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். யாரோ பல வருடத்துக்கு முன் நட்டை வெறித்தனமாக இறுக்கி அதை வளைத்திருப்பார்கள்.

ஓரத்து இரண்டு கார்புரேட்டர்களிலும் சோக் கிடையாது, ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுவது) கலவை ஸ்க்ரூவும் கிடையாது. அவற்றின் தகடு முழுதாக மூடினால்தான் அமைப்பே வேலை செய்யும். அதைச் சரிபார்க்கும் முறை இது. த்ராட்டில் அடித்தளத்தை மட்டும் தனியாக எடுத்து, இருட்டான இடத்தில் ஒரு டார்ச்சின் முன் பிடியுங்கள். தகட்டைச் சுற்றி வெளிச்சக் கீற்று எங்கே தெரிகிறது என்று பாருங்கள். தெரிந்தால், தகட்டை ஷாஃப்ட்டில் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ இரண்டையும் கொஞ்சம் தளர்த்தி, ஷாஃப்ட்டைச் சில தடவை டக் டக்கென்று மூட விடுங்கள். தகடு தானாகவே துளையின் வட்டத்துக்குள் அமரும். மூடிய நிலையிலேயே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். மறுபடி டார்ச் முன் பிடியுங்கள். கீற்று போகும் வரை இதைச் செய்யுங்கள். கடைசியில் ஸ்க்ரூவின் நுனியை லேசாகத் தட்டி விரித்துவிட வேண்டும். அந்த ஸ்க்ரூ கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

எங்கள் முதல் முயற்சியில் இந்த ஒரு வேலையைத்தான் விட்டுவிட்டோம். இன்ஜின் 1400 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று கசிகிறது என்று நினைத்து அதை இரண்டு தடவை கழற்றி மாட்டினோம். இரண்டு வார இறுதிகள் போயின. பெரியவர் சும்மா இருக்க முடியாமல் பின்பக்கக் கார்புரேட்டரைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். தகட்டின் ஒரு ஓரத்தில் தலைமுடி அளவுக்குப் பிறை நிலா போல வெளிச்சம் தெரிந்தது. சரிசெய்ய எடுத்த நேரம் பத்து நிமிடம்.

பழையதை இறக்கி மேனிஃபோல்டைப் பூட்டுவது

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கும் வகை தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை, இந்த வேலை முழுக்க பெட்ரோலோடுதான். ரேடியேட்டரில் இருந்து கூலன்ட்டை வடித்துவிடுங்கள், ஏனெனில் போன்டியாக்கின் இன்டேக் முன்பகுதியில் தண்ணீர் ஓடுகிறது. தரையில் சிந்தவிடாதீர்கள், அது இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

செவ்ரோலெட் வி8இல், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் மேனிஃபோல்டு வழியாக இறங்குவதால் அதையும் பிடுங்க வேண்டும். போன்டியாக்கில் அது நேராக பிளாக்கில் நிற்கிறது. மூடியையும் வயர்களையும் ஒதுக்கி வைத்தால் போதும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) கலையாது. இன்னொரு நல்ல விஷயம், போன்டியாக்கில் இன்ஜினின் பள்ளத்தை மூடத் தனித் தகடு உண்டு. மேனிஃபோல்டைத் தூக்கினாலும் கேம் பக்கம் திறந்து கிடக்காது.

பழைய மேனிஃபோல்டைத் தூக்கியவுடன் ஹெட்டின் துளைகளில் சுத்தமான துணியைச் சுருட்டி அடையுங்கள். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ட்ரை-பவர் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. கனம் அதிகம். பம்பர் மேல் குனிந்துகொண்டு ஒரு ஆள் இறக்க முயன்றால் முதுகும் போகும், கேஸ்கெட்டும் நகர்ந்துவிடும். இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் நின்று நேராக இறக்குங்கள்.

இப்போது போன்டியாக்குக்கே உரிய ஒரு நுணுக்கம். மேனிஃபோல்டின் முன்முனை டைமிங் கவரோடு ஒரு ரப்பர் ஓ-ரிங் வழியாகச் சேர்கிறது. அங்கே நீளமான ஒரு போல்ட் மேனிஃபோல்டை முன்னால் இழுத்து ஓ-ரிங்கின் மேல் அழுத்துகிறது. பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் இறுக்கிவிட்டால் மேனிஃபோல்டு அப்படியே நின்றுவிடும், முன்னால் நகராது, ஓ-ரிங் அழுந்தாது. காரை ஓட்டிய ஒரு மணி நேரத்தில் டைமிங் கவர் பக்கம் பச்சைத் தண்ணீர் சொட்டும். எனவே வரிசை இப்படி: புது ஓ-ரிங்கை வையுங்கள், எல்லா மேனிஃபோல்டு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள், முன்பக்க நீள போல்ட்டைச் சுமார் 15 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள், அதன் பிறகு மேனிஃபோல்டு போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றில் 40 அடி-பவுண்டுக்குக் கொண்டுவாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், அமெரிக்காவில் பல உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன.

மூன்று கார்புரேட்டரையும் புது கேஸ்கெட்டில் உட்கார வையுங்கள். முன்பின் இரண்டுக்கும் அடியில், கேஸ்கெட்டோடு சேர்த்து, துளையே இல்லாத மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வையுங்கள். ஏன் என்று சற்று நேரத்தில் சொல்கிறேன். நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இங்கே பலம் காட்ட வேண்டாம்.

பெட்ரோல் குழாய்

மூன்றுக்கும் தனித்தனியாகப் பிரியும் இரும்புக் குழாய் வளைத்துச் செய்ததாகவே விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள். நாமே வளைக்கப் போனால் ஒன்றிரண்டு குழாய் வீணாகும். ரப்பர் குழாயை மேனிஃபோல்டு மேல் அங்குமிங்கும் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பம்ப் அழுத்தத்தை அளந்து பாருங்கள், 5 பவுண்டு சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டி ஏறினால் நீடில் தாங்காமல் பெட்ரோல் பொங்கும், அப்போது ரெகுலேட்டர் போடுங்கள். ஃபில்டரைப் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒன்று வையுங்கள்.

லிங்கேஜ்

தொழிற்சாலையில் இரண்டு விதமாக வந்தது. ஒன்று வேக்குவம் முறை: நடு கார்புரேட்டர் நன்றாகத் திறந்ததும் ஒரு வால்வு திறந்து, வெற்றிடம் ஒரு டயஃபிரத்தை இழுத்து, ஓரத்து இரண்டையும் திறக்கும். மற்றது கம்பி மூலம் நேரடியாகத் திறக்கும் முறை. வேக்குவம் முறையில் அறுபது வருட ரப்பர், மெல்லிய குழாய், வால்வு என்று கெட்டுப்போகிற இடங்கள் அதிகம், திறப்பதும் சட்டென்று திறக்கும். முதல் தடவை செய்பவர்கள் கம்பி முறைக்குப் போங்கள். கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம், கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு திறக்கும்.

கம்பி லிங்கேஜின் அழகு, அதில் ஒரு வெற்று நகர்வு இருப்பதுதான். நடு கார்புரேட்டர் பாதி தூரம் திறக்கும் வரை கம்பி ஒரு நீளத் துளைக்குள் சும்மா வழுக்கும். அப்புறம்தான் அது ஓரத்து இரண்டையும் பிடித்து இழுக்கும். பாதியில் தொடங்கினாலும், நடு கார்புரேட்டர் முழுதாகத் திறக்கும் அதே நொடியில் மற்ற இரண்டும் முழுதாகத் திறந்துவிட வேண்டும்.

சரிசெய்யும்போது இன்ஜினை ஓட்டவே வேண்டாம். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தட்டும். இன்னொருவர் மேலிருந்து டார்ச் அடித்து மூன்றின் தகடுகளும் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். பிறகு காலை எடுக்கச் சொல்லி, ஓரத்து இரண்டும் முழுதாக மூடுகின்றனவா என்று பாருங்கள். மூடிய நிலையில் கம்பி அவற்றைக் கொஞ்சம்கூட இழுத்துப் பிடிக்கக் கூடாது. விரலால் கம்பியை ஆட்டினால் லேசாக ஆட வேண்டும்.

நண்பரின் காரில் ஓரத்து இரண்டும் முக்கால் அளவுக்கு மேல் திறக்கவே இல்லை. லிங்கேஜை எப்படித் திருகியும் பலனில்லை. கடைசியில் பார்த்தால், தரையில் போட்டிருந்த தடித்த ரப்பர் விரிப்பு ஆக்ஸிலரேட்டரை முழுதாக இறங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பானெட்டுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு இருந்ததால் காலடியைப் பார்க்கத் தோன்றவில்லை. அதனால்தான் கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்காமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தே பார்க்கச் சொல்கிறேன்.

ரிட்டர்ன் ஸ்ப்ரிங் ஒன்று போதாது. நடு கார்புரேட்டருக்கு இரண்டு, ஓரத்து ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ப்ரிங் போடுங்கள். மூன்று கார்புரேட்டரும் திறந்த நிலையில் ஒரு ஸ்ப்ரிங் அறுந்தால் காரை நிறுத்துவது பெரும்பாடு. ஏர் கிளீனர்களை மாட்டிய பிறகும் எல்லாம் தடையில்லாமல் நகர்கிறதா, பானெட் மூடும்போது எதிலாவது இடிக்கிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனர் மேல் கொஞ்சம் களிமண் உருட்டி வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறந்தால், எவ்வளவு இடைவெளி என்று நசுங்கிய களிமண் சொல்லிவிடும்.

முதல் ஸ்டார்ட்

லிங்கேஜ் அளவு சரியானதும் ஓரத்துக் கம்பிகளைக் கழற்றி வையுங்கள். இப்போது அந்தத் துளையில்லாத தகடுகளின் பயன் வருகிறது. முன்பின் கார்புரேட்டர்கள் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன, இன்ஜினுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. ஒற்றைக் கார்புரேட்டர் இன்ஜினாகவே நினைத்து நடுவில் இருப்பதை முழுதாக ட்யூன் செய்யுங்கள்.

ஐடிலிங் கலவை ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக உள்ளே முழுதாகத் திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். கூலன்ட்டை நிரப்புங்கள், பேட்டரி வயரை மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோல் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள், ஸ்டார்ட் செய்தவுடன் மறுபடி தொட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் உடனே அணையுங்கள்.

இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாகத் திறந்த பிறகு டைமிங் பாருங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் மேல்மையத்துக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) முன் 6 டிகிரி வைத்துத் தொடங்கலாம். அடுத்து மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். கலவை ஸ்க்ரூ ஒன்றை மெதுவாக உள்ளே திருகினால் ஊசி ஒரு இடத்தில் இறங்கத் தொடங்கும், வெளியே திருகினால் ஏறி நிற்கும். ஏறி நிற்கும் இடத்தில் விடுங்கள். அடுத்ததையும் அப்படியே செய்யுங்கள். ஐடிலிங் வேகம் மாறியிருந்தால் அதை 600 முதல் 700க்குள் கொண்டுவந்துவிட்டு, மறுபடி ஒரு சுற்று. பழைய அளவு கேம் உள்ள ஆரோக்கியமான இன்ஜின் 16 அங்குலத்துக்கு மேல் காட்டும். ஊசி ஆடாமல் நிற்க வேண்டும்.

இப்படியே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சிக்னலில் நின்று கிளம்புவது, மெதுவாகப் போவது, சூடான இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வது எல்லாம் மனதுக்குத் திருப்தியாக வரட்டும். இது சரியாக வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு இன்ஜின் ஆறியதும் அடித் தகடுகளை எடுத்துவிட்டு, ஓரத்து இரண்டையும் மறுபடி பூட்டி, கம்பி மாட்டாமலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் வேகம் முன்பு இருந்த அதே இடத்தில் நின்றால், நீங்கள் டார்ச் முன் செலவழித்த நேரம் பலித்துவிட்டது. 100, 200 ஆர்.பி.எம். ஏறினால் ஏதோ ஒரு தகடு மூடவில்லை, அல்லது அடி கேஸ்கெட் கசிகிறது. எந்தக் கார்புரேட்டர் என்று தெரிய, ஓடும்போதே ஒன்றின் வாயை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். வேகம் குறைந்தால் அதுதான் குற்றவாளி. கலவை ஸ்க்ரூவைத் திருகியோ ஐடிலிங்கைக் குறைத்தோ இதை மறைக்கப் பார்க்காதீர்கள், கசிவு கசிவாகவே இருக்கும்.

சரியாக இருந்தால் கம்பியை மாட்டுங்கள். மாட்டிய பிறகும் ஐடிலிங் மாறக் கூடாது.

தெருவில்

ஆளில்லாத, நேரான, அகலமான சாலையாகப் பாருங்கள். சூடான இன்ஜினில், மூன்றாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக அழுத்துங்கள். பாதியைத் தாண்டும்போது சத்தம் மாறும், இருக்கை முதுகைத் தள்ளும். அந்த இடத்தில் இன்ஜின் ஒரு நொடி தடுமாறி, கார்புரேட்டர் வழியாகத் தும்மினால், ஓரத்துக் கார்புரேட்டர்களின் ஆக்ஸிலரேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சவில்லை என்று சந்தேகப்படுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, மேலிருந்து பார்த்தபடி லிங்கேஜைக் கையால் திறந்தால் இரண்டு மெல்லிய தாரை உடனே விழ வேண்டும். தும்மாமல் கறுப்புப் புகையோடு மந்தமாக இழுத்தால் பெட்ரோல் அதிகம். ஃப்ளோட் உயரத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் ஜெட் (பெட்ரோல் வரும் அளவான துளை).

ஜெட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஓரத்து இரண்டிலும் ஒரே எண். பழைய எண், புது எண், தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நிறம் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்ததை உடனே கவனியுங்கள், பிஸ்டன் உருகுவது அந்தப் பக்கத்தில்தான்.

முதல் நூறு மைல் ஓடியதும், ஆறிய இன்ஜினில் மேனிஃபோல்டு போல்ட்டுகளையும் கார்புரேட்டர் நட்டுகளையும் மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். கேஸ்கெட் அமுங்கியதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அப்புறம், காரை எப்போதும் நிதானமாகவே ஓட்டுபவராக இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்றையும் திறக்கும் அளவுக்கு அழுத்தி ஓட்டுங்கள். ஓரத்துக் கிண்ணங்களில் பெட்ரோல் வாரக்கணக்கில் தேங்கினால் பிசினாகி ஜெட்டை அடைத்துக்கொள்ளும். பெரியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயம் முடிந்து வரும்போது, நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் மட்டும் அதைச் செய்கிறார். சத்தம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும்.